கணினி காட்டும் சூட்டை எவ்வளவு நம்பலாம்?

லைனக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, டெர்மினலில் ‘சென்சார்ஸ்’ என்று தட்டினால் வெப்பநிலைகள் வரிசையாக வந்து விழும். பிராசசர் 48 டிகிரி, மதர்போர்டு 34, நடுவில் எங்கோ ஒரு 127. பதறிப்போய் மெஷினை அணைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்டெல் பிராசசரில் ஒவ்வொரு கோருக்கும், அதாவது தனித்தனியாகக் கணக்கிடும் ஒவ்வொரு பகுதிக்கும், ஒரு சென்சார் உண்டு. அது நேரடியாகச் சூட்டைச் சொல்வதில்லை. உச்ச வரம்பைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்று மட்டுமே சொல்லும். அந்த வரம்பின் பெயர் டிஜேமேக்ஸ். பல மாடல்களில் 100 டிகிரி. பாக்கி 52 என்று சென்சார் சொன்னால், அதைப் படிக்கும் லைனக்ஸ் மென்பொருளான கோர்டெம்ப் டிரைவர் 100-இலிருந்து அதைக் கழித்து 48 என்று காட்டுகிறது. இது நல்ல ஏற்பாடு என்பேன், நமக்குத் தெரிய வேண்டியதே அந்தப் பாக்கிதான். வரம்பை நெருங்க நெருங்க அளவு துல்லியமாகும். கீழே இறங்கினால் பிழை கூடும். சும்மா இருக்கும் கணினியில் ஒரு கோர் 38, பக்கத்துக் கோர் 43 என்றால் கண்டுகொள்ள வேண்டியதில்லை. 92 ஐந்து ஏறி 97 ஆனால் விஷயம் வேறு. 100-ஐத் தொட்டதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஏஎம்டி பிராசசரில் ‘டிசிடிஎல்’ என்றொரு வரி வரும். மின்விசிறியைக் கட்டுப்படுத்துவதற்கான எண் அது. ரைசன் 7 1800எக்ஸில் அது நிஜச் சூட்டைவிட 20 டிகிரி கூடுதல், 2700எக்ஸில் 10. அத்தகைய மாடல்களில் கே10டெம்ப் டிரைவர் அந்தக் கூடுதலைக் கழித்து ‘டிடை’ என்று தனி வரியாகக் காட்டும். பார்க்க வேண்டியது அதைத்தான்.

சரி, அந்த 127? மதர்போர்டில் நுவோட்டான் அல்லது ஐடிஇ நிறுவனத்தின் கண்காணிப்புச் சிப் இருக்கும். அதன் வெப்ப உள்ளீடுகள் எல்லாவற்றிலும் போர்டு தயாரிப்பாளர்கள் சென்சார் இணைப்பதில்லை. காலியாக விட்ட உள்ளீட்டில் ஏதோ ஒரு எண் வரும். எட்டு பிட்டில் பிளஸ், மைனஸ் குறியோடு எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 127. மிகச் சிறியது மைனஸ் 128. இந்த இரண்டில் ஒன்று அசையாமல் நின்றால் அங்கே சென்சாரே இல்லை என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். சில கணினிகளில் ‘ஏசிபிஐடிஇசட்’ என்ற வரி இரவும் பகலும் 27.8 என்றே நிற்கும். மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் கொடுக்கும் மாறாத எண் அது.

சந்தேகம் வந்தால் பிராசசருக்குக் கடும் வேலை கொடுங்கள்: பத்து நிமிடம் லைனக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்ய விட்டுப் பாருங்கள். பிராசசரோடு சேர்ந்து ஏறி, வேலை முடிந்ததும் இறங்கும் எண்ணுக்குப் பின்னால் நிஜமான சென்சார் இருக்கிறது. அப்புறம், அசையாத வரியை ‘சென்சார்ஸ்’ கட்டளை பயன்படுத்தும் லிப்சென்சார்ஸின் அமைப்புக் கோப்பில் ‘இக்னோர்’ என்று குறித்துவிட்டால் அது மறுபடி கண்ணில் படாது.