டைல்: ஓடா, கட்டமா, சில்லா?

இருபரிமாணக் கணினி ஆட்டம் எழுத உட்காரும் யாருக்கும் முதல் நாளே எதிர்ப்படும் சொல் டைல். புல் ஒரு டைல், தண்ணீர் ஒரு டைல், சுவர் ஒரு டைல். இந்தச் சின்னச் சதுரப் படங்களை வரிசையாக அடுக்கினால் ஒரு முழு உலகம் வந்துவிடுகிறது. தமிழில் இதை ஒருவர் ஓடு என்கிறார், இன்னொருவர் கட்டம் என்கிறார், பலர் டைல் என்றே விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு. அதற்கு முன் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம்.

டைல் ஆங்கிலத்துக்கு லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அது தெகுலா, அதாவது கூரை ஓடு. அதற்கு அடி தெகெரே, மூடுதல். நம் ஓடும் மூடுவதுதான்: ஆமையோடு, முட்டையோடு, மண்டையோடு, கூரையோடு. அகராதியை மட்டும் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான இணை கிடைக்காது. ஆனால் கணினிக்கு வந்து சேர்ந்த டைல் எதையும் மூட வந்ததில்லை. தரையிலும் சுவரிலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இடைவெளி விடாமல் பரப்பை நிரப்பும் சதுரத் துண்டு என்ற பிற்காலப் பொருளில்தான் அது வந்தது.

கணினியில் இந்தத் துண்டுக்கு வேறொரு பெயரும் இருந்தது. பழைய திரைகள் எழுத்துகளை மட்டும் காட்டின. ஒவ்வோர் எழுத்தின் வடிவமும் ஓரிடத்தில் நிலையாக இருக்கும். திரையின் எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற எண்ணை மட்டும் நினைவகம் வைத்துக்கொள்ளும். எழுத்து வடிவம் இருந்த இடத்தில் ஒரு செங்கல்லையோ மேகத்தையோ வைத்தால் ஆட்டத்தின் பின்னணி தயார். 1983இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற ஆட்டக் கருவியில், படத்துண்டுகள் இருந்த நினைவகத்துக்கே கேரக்டர் நினைவகம், அதாவது எழுத்து நினைவகம் என்றுதான் பெயர். துண்டு ஒவ்வொன்றும் 8×8 புள்ளி (பிக்சல்). திரையில் குறுக்காக 32, நெடுக்காக 30, ஆக 960 இடங்கள். இடத்துக்கு ஒரு பைட் வீதம், எந்த இடத்தில் எந்தத் துண்டு என்பதை 960 பைட்டில் எழுதிவிடலாம். அதே திரையைப் புள்ளிக்கு 2 பிட் வீதம் அப்படியே வைத்திருந்தால் 15,360 பைட் ஆகியிருக்கும். துண்டுகளாக வெட்டும் யோசனை ஏன் அவ்வளவு தூரம் ஓடியது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

சரி, இன்றைய எஞ்சினில், அதாவது ஆட்டத்தை இயக்கும் மென்பொருளில், என்ன நடக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 256×256 புள்ளி அளவுள்ள ஒரு படக்கோப்பு இருக்கிறது. அதில் 16×16 புள்ளித் துண்டுகள் நிரைக்கு 16 வீதம், மொத்தம் 256. எஞ்சின் கோப்பைத் திறந்து, சுருக்கத்தை விரித்து, புள்ளிக்கு 4 பைட் வீதம் 2,62,144 பைட்டாக்கி வரைகலை அட்டையின் நினைவகத்துக்கு அனுப்புகிறது. இதுதான் ஏற்றுதல். ஆட்டம் தொடங்கும்போது ஒரு தடவை செய்தால் போதும். திரையை வரையும் செயற்கூறுக்குள் (ஃபங்ஷன்) இதை வைத்துவிட்டால் நொடிக்கு 60 முறை கோப்பு திறக்கப்பட்டு ஆட்டம் திணறும்.

அப்புறம் வரைதல். 37ஆம் துண்டு வேண்டும் என்றால் 37ஐ 16ஆல் வகுக்கிறோம்: ஈவு 2, மீதி 5. 0இலிருந்து எண்ணினால் நிரை (குறுக்கு வரிசை) 2, நிரல் (நெடுக்கு வரிசை) 5. அதன் இடது மேல் மூலை 80, 32 என்ற புள்ளியில் இருக்கிறது. அங்கிருந்து 16×16 சதுரத்தை எடுத்துத் திரையில் வைக்க வேண்டியதுதான். ஆட்ட உலகின் வரைபடம் 200×150 கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000 கட்டங்களுக்கும் 2 பைட் எண்கள், 60,000 பைட். அதையே ஒரே பெரிய படமாக வைத்தால் 3 கோடி பைட்டைத் தாண்டும். 30,000ஐயும் ஒவ்வொரு தடவையும் வரையவும் வேண்டாம். திரை 320×180 என்றால் எப்படி நகர்ந்தாலும் கண்ணில் படுவது அதிகபட்சம் 21×13, அதாவது 273 கட்டங்கள்தான்.

மேலே எழுதியதில் துண்டு என்றும் கட்டம் என்றும் இரண்டு சொற்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது தெரிந்தே செய்தது. கட்டம் என்பது இடம். டைல் என்பது அந்த இடத்தில் வந்து உட்காரும் படம். ஒரே புல் படம் 5,000 கட்டங்களில் உட்காரலாம். என் முதல் ஆட்டத்தில் இரண்டையும் கட்டம் என்றே எழுதிவைத்திருந்தேன். கட்ட எண் என்று ஒரு மாறி, அதாவது நிரலில் மதிப்பை வைக்கும் பெயர். ஓரிடத்தில் அது வரைபடத்தின் 37ஆம் இடம், இன்னோரிடத்தில் 37ஆம் படம். இடத்தின் எண்ணைப் படத்தின் எண்ணாக அனுப்பிவிட்டு, முதல் நிரையில் புல், நீர், பாறை என்று படத்தொகுதி முழுதும் வரிசையாக வந்து நிற்பதை ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயரைப் பிரித்த அன்றே பிழை கண்ணில் பட்டது. அதனால் டைலுக்குக் கட்டம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓடு? தனியாக நிற்கும்வரை சரி. ஆட்டத்தில் ஓடு என்றால் ஓடச் சொல்லும் கட்டளையும்தான் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூட்டுச்சொல்லில்தான் சிக்கல். வேற்றுமையிலும் தொகையிலும் அது ஓட்டு ஆகிவிடும். ஓட்டெண், ஓட்டுத் தொகுதி, ஓட்டு எண்ணிக்கை: படிப்பவர் மனம் நேரே தேர்தலுக்குப் போகும். கலைச்சொல் தனியாக வாழ்வதில்லை, பத்துக் கூட்டுச்சொற்களோடுதான் வாழ்கிறது. அங்கே தடுக்கினால் நிலைக்காது.

என் கட்சி சில்லு. கண்ணாடிச் சில்லு, தேங்காய்ச் சில்லு, ஓட்டாஞ்சில்லு: பெரியதிலிருந்து பிரிந்த சிறு துண்டு. ஒரு பெரிய படத்திலிருந்து வெட்டி எடுக்கும் துண்டுக்கு இதைவிட நேரான சொல் எனக்குத் தெரியவில்லை. சில்லெண், சில்லுத் தொகுதி, சில்லு வரைபடம் என்று கூட்டுச்சொற்களும் தடுக்காமல் வருகின்றன. மின்னணுவியலில் சிப்புக்கும் சில்லு என்கிறோம், உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே வாக்கியத்தில் மோதிக்கொள்வது அரிது. இலங்கைத் தமிழில் சில்லு என்றால் சக்கரம். வண்டி ஓட்டும் ஆட்டத்தைப் பற்றி அங்குள்ளவர்களுக்கு எழுதினால் படச்சில்லு என்று எழுதிவிடலாம்.

வரைவதற்கும் ஒரு வினை வேண்டும். உண்மையில் இங்கே யாரும் எதையும் வரைவதில்லை, வரைந்ததை எடுத்துப் பரப்புகிறோம். கல் பாவிய தெரு என்கிறோம் அல்லவா, அந்தப் பாவுதான். பதி என்று சொல்லலாம். ஆனால் பதிவு, பதிவேற்றம், பதிவிறக்கம் என்று கணினித் தமிழில் அது ஏற்கெனவே சுமை தாங்குகிறது. சில்லுத் தொகுதியை ஏற்று, கட்டங்களில் சில்லுகளைப் பாவு: இரண்டு செயற்கூறுகளுக்கும் பெயர் கிடைத்துவிட்டது.

பாவும்போது சில்லுகளுக்கு நடுவே மெல்லிய கோடு தெரிகிறதா? படத்தைப் பெரிதாக்கும்போதோ கேமரா அரைப்புள்ளியில் நிற்கும்போதோ, தொகுதியில் பக்கத்தில் இருக்கும் சில்லின் நிறம் ஓரத்தில் கலந்துவிடுகிறது. இதைக் கசிவு என்கிறேன். கேமராவை முழு எண்ணுக்குத் திருத்துங்கள், நிறங்களைக் கலக்காமல் அருகிலுள்ள புள்ளியையே எடுக்கும்படி வடிகட்டலை (ஃபில்டரிங்) மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தொகுதியில் ஒவ்வொரு சில்லின் ஓரப் புள்ளிகளையும் வெளிப்பக்கமாக ஒரு புள்ளி நீட்டிவிடுங்கள். கசிந்தாலும் அதே சில்லின் நிறம்தான் கசியும்.