காப்பிச் செடியை மாசியில் ஏன் காயவிட வேண்டும்?

ஏற்காட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வீட்டைச் சுற்றி இருபது காப்பிச் செடி வைத்திருக்கிறோம். வெயில் ஏறுகிறதே என்று மாசி முழுக்கச் செடிக்கு ஒரு வாளி வீதம் தினமும் தண்ணீர் ஊற்றினோம். பக்கத்து எஸ்டேட்டில் ஒரு சொட்டும் விடவில்லை. பங்குனியில் மழை பெய்ததும் அங்கே கிளை தெரியாமல் பூத்தது. எங்கள் செடியில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். தண்ணீர் ஊற்றியதுதான் தப்பா?”

ஆமாம், அதுதான். செடி செழிப்பாக இருந்திருக்கும், இலை பச்சையாக இருந்திருக்கும். ஆனால் பூக்க அதற்குத் தேவைப்பட்ட தாகத்தை அந்த ஒரு வாளி கெடுத்துவிட்டது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெரும்பாலும் அரபிகா என்ற காப்பி வகைதான். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து இங்கே காப்பி வளர்கிறது. மழைக்காலம் முடிந்து பகல் குறையும்போது, பக்கக் கிளைகளின் இலைக் கக்கத்தில் பூ மொட்டுகள் உருவாகின்றன. கொஞ்ச நாள் வளர்ந்து, 4 முதல் 6 மில்லிமீட்டர் நீளம் வந்ததும் அப்படியே நின்றுவிடுகின்றன. ஒரு கணுவைக் கையில் பிடித்துப் பாருங்கள். இலைக்காம்பின் அடியில், அரிசி நீளம்கூட இல்லாத வெளிர்பச்சை மொட்டுகள் நெருக்கியடித்து நிமிர்ந்து நிற்கும்; தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். வாரக்கணக்கில் பார்த்தாலும் அளவு மாறாது. இதுதான் உறக்க நிலை.

இந்த உறக்கத்தை எது கலைக்கிறது? மழைதான் என்று எல்லோரும் சொல்வோம். அது பாதி விடைதான். மழையோடு வரும் குளிர்ச்சியே காரணம் என்று ஆராய்ச்சியாளர்களிலேயே பலர் ஒரு காலத்தில் நம்பினார்கள். பிரேசில் நாட்டுத் தாவரவியலாளர் பாவுலோ ஆல்விம் 1960இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட சிறு கட்டுரை அதைத் திருப்பிப் போட்டது. அடிக்கடி நீர் பாய்ச்சிய செடிகளில் மொட்டு மொட்டாகவே கிடந்தது. நீரை நிறுத்திக் காயவிட்டு, பிறகு பாய்ச்சிய செடிகள் பூத்தன. உறக்கத்தைக் கலைப்பது வறட்சி. கலைந்த மொட்டை வளரச் செய்வது நீர். இந்த வரிசையில் முதல் படியைத் தாண்டாத செடிக்கு இரண்டாவது படியில் எவ்வளவு தண்ணீர் கொடுத்தும் பயனில்லை.

எவ்வளவு தாகம் வேண்டும் என்பதற்கும் அளவு இருக்கிறது. அதை அளக்கும் கருவி எளிமையானது, அழகானது. விடியுமுன் ஓர் இலையைக் காம்போடு வெட்டி, காம்பின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி கனத்த உலோகக் குடுவைக்குள் வைத்து மூடுவார்கள். உள்ளே வாயுவை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். செடி உயிரோடு இருந்தபோது இலை எவ்வளவு விசையோடு நீரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்ததோ, அதே அளவு அழுத்தம் வந்ததும் வெட்டுவாயில் ஈரம் பளிச்சென்று கசியும். அந்தக் கணத்தில் மானி காட்டும் எண்தான் செடியின் தாகம். ஹவாயில் நடந்து 1992இல் வெளியான ஆய்வில், விடியற்காலை அளவு 0.8 மெகாபாஸ்கலைத் (அழுத்தத்தின் அலகு) தாண்டிய செடிகளில் மொட்டு உறக்கம் கலைந்தது. டயர் காற்றை அளக்கும் பி.எஸ்.ஐ. கணக்கில் அது சுமார் 116. கார் டயருக்கு 32 வைக்கிறோம். அதைப்போல மூன்றரை மடங்குக்கும் மேலான இழுவையை ஒரு காப்பி இலை தாங்கிக்கொண்டு நிற்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு சோதனைதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஒரே செடியின் வேரை இரண்டாகப் பிரித்து, பாதி வேருக்கு நீர் விட்டு, மறுபாதியைக் காயப்போட்டார்கள். இலை வாடவே இல்லை. நனைந்த பாதி போதுமான நீரை அனுப்பிவிட்டது. ஆனாலும் பிறகு முழுவதும் நீர் விட்டபோது மொட்டுகள் எழுந்தன. மொட்டு காய்ந்துபோனதால் மட்டும் இது நடக்கவில்லை என்பது இதிலிருந்து புரிகிறது. காய்ந்த வேரிலிருந்து ஏதோ ஒரு சேதி மேலே போகிறது. அந்தச் சேதி வேதிப்பொருள் வடிவில் போகிறது என்பது இன்றைய புரிதல். எத்திலீன் என்ற ஹார்மோனின் மூலப்பொருளுக்கு இதில் பங்குண்டு என்று அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. மழை பெய்ததும் ஓடத் தொடங்கும் நீரோடு அது வேரிலிருந்து கிளைக்கு ஏறுகிறது. ஜிப்ரெலின் என்ற இன்னொரு ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. அதைத் தெளித்து மொட்டை முன்கூட்டியே விரியவைக்க முடிந்திருக்கிறது. ஒரு ரோஜாச் செடிக்கும் கத்தரிச் செடிக்கும் வறட்சி என்றால் நஷ்டம் மட்டும்தான். காப்பிக்கு அது ஒரு நாள்காட்டி. எத்தியோப்பியாவின் காட்டு நிழலில் பிறந்த மரத்துக்கு, மழைக்காலம் உண்மையிலேயே தொடங்கியதா என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது போல, இடிச் சத்தம் கேட்டுத்தான் காப்பி மொட்டு எழுகிறது என்று சொல்பவர்களும் உண்டு. இடிக்கு இதில் வேலை இல்லை. கோடை மழை இடியோடு வருகிறது, அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரை முறையாக விட்டாலும் பூக்கும்.

‘முறையாக’ என்பதற்குக் கணக்கு இதோ. அரபிகாவுக்குப் பூ மழை, அதாவது மொட்டை விரியவைக்கும் கோடை மழை, 25 முதல் 40 மில்லிமீட்டர் வேண்டும். ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நட்ட செடிக்கு நிலம் சுமார் 3.3 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் என்றால் செடிக்கு 80 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். வாசகர் ஊற்றிய 10 லிட்டர் வாளி வெறும் 3 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். பூக்கவைக்க அது போதாது. தாகத்தைத் தணிக்க அது தாராளம். சில கிளைகளில் மட்டும் மொட்டு விரிவதும், பழம் கார்த்திகையில் கொஞ்சம் தையில் கொஞ்சம் என்று சிதறிப் பழுப்பதும் இதனால்தான்.

ஆகவே அறுவடை முடிந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். நடுப்பகலில் இலை தொங்கட்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பாருங்கள்: நிமிர்ந்திருந்தால் பயமில்லை. விடியலிலும் துவண்டே கிடந்து, நுனி இலை சுருளத் தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டது; அந்தச் செடியைக் காப்பாற்ற வேண்டும். நட்டு இரண்டு வருடம் ஆகாத கன்றுகளை இந்தச் சோதனைக்கே உட்படுத்தாதீர்கள், அவற்றுக்கு வாரம் ஒருமுறை நீர் வேண்டும்.

பங்குனியில் மழை வந்தால், அடிப்பாகம் தட்டையான, பக்கம் நேரான ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, நின்ற நீரை ஸ்கேலால் அளங்கள். இரண்டரை சென்டிமீட்டர் இருந்தால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஆபத்தான அளவு 5 முதல் 10 மில்லிமீட்டர். மொட்டை எழுப்பிவிட்டு, வளர நீர் கொடுக்காமல் போய்விடும் மழை அது. மொட்டு பாதியில் கருகும். ஓரிரு நாளில் அடுத்த மழை வரும் அறிகுறி இல்லையென்றால் மீதியை நீங்கள் கொடுத்துவிட வேண்டும். 8 மில்லிமீட்டர் பெய்திருந்தால் செடிக்குச் சுமார் 57 லிட்டர். ஒரே மூச்சில் ஊற்றாமல், மண் உறிஞ்ச உறிஞ்ச, தண்டை ஒட்டி விடாமல் கிளை நுனிக்கு நேர்கீழாகச் சுற்றிலும் விடுங்கள். உணவு எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல் ஒரு அடி மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த நேரத்தில் மண்வெட்டியால் கொத்தவே கூடாது.

நீர் கிடைத்த மூன்றாம் நான்காம் நாளில் மொட்டு வெளுத்து நீளும். எட்டிலிருந்து பத்தாம் நாள் ஒரே விடியலில் விரியும். இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். அரபிகா தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஒற்றைச் செடியும் காய்க்கும். விரிந்த அன்று காலை இலைமேல் தண்ணீர் பீய்ச்சாதீர்கள், மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும். பூச்சிமருந்தும் வேண்டாம், தேனீக்கள் வரும் நாள்.

கவாத்தை, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டுவதை, மழைக்கு முன்பே முடிக்க வேண்டும். எதை வெட்டுவது என்பதில்தான் வீட்டுத் தோட்டக்காரர்கள் தடுமாறுகிறார்கள். காப்பியில் ஒருமுறை காய்த்த கணு மறுபடி காய்க்காது. போன வருடம் வளர்ந்த பகுதியில்தான் இந்த வருடப் பூ. ஆகவே காய்த்து ஓய்ந்த கிளை, காய்ந்தது, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போவது, தரையைத் தொடுவது, தண்டிலிருந்து அரை அடிக்குள் அடைத்துக்கொண்டு வளர்வது இவற்றை எடுங்கள். மொட்டு பிடித்த இளங்கிளை எவ்வளவு நீண்டு தொங்கினாலும் விட்டுவிடுங்கள்.

நிழல் மரத்தை இப்போது கழிக்காதீர்கள். சூடு மிகுந்தால் இதழ் வெளுத்து விரியாமல், பச்சையாய்த் தடித்து, சின்ன நட்சத்திரம் போல நின்றுவிடும் பூக்கள் வரும், அவை காய்க்காது. இன்னொரு காரணம், வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு ஏப்ரல், மே மாதங்களில் பறக்கும், வெயில் படும் தண்டைத் தேடி முட்டையிடும். 10 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு கரைத்துத் தண்டிலும் தடித்த கிளைகளிலும் பூசினால் பாதுகாப்பு. நிழல் கழிப்பதைத் தென்மேற்குப் பருவமழைக்குச் சற்று முன் வைத்துக்கொள்ளலாம்.

சேலத்து மாடியில் தொட்டியில் எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். தினமும் நீர் விட்டுக்கொண்டே இருந்தால் இலையாகத் தள்ளும். இலை லேசாக வாடும்வரை நிறுத்தி, பிறகு தொட்டி அடியில் வழியும்வரை விட்டால் பூக்கும். ஆனால் தொட்டி மண் அங்குள்ள வெயிலில் சில நாளிலேயே காய்ந்துவிடும் என்பதால் கவனம் வேண்டும்.

மேலே சொன்ன எண்களில் சில ஹவாய் போன்ற வெளியிடங்களில் கிடைத்தவை. ஏற்காட்டுச் செம்மண்ணில், சில்வர் ஓக் நிழலில், 1,500 மீட்டர் உயரத்தில் அந்த 0.8 அப்படியே பொருந்துமா என்று இங்கேயே, வருடக்கணக்கில் அளந்து பார்க்க வேண்டும். நட்டு மூன்று நான்கு வருடம் கழித்துக் காய்க்கும் பயிருக்கு மூன்றாண்டு நிதி ஒதுக்கினால் ஒரு பூவைக்கூட ஒழுங்காக ஆராய முடியாது. மரப்பயிர் ஆராய்ச்சிக்குக் குறைந்தது பத்தாண்டு நிதி என்ற விதி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பூ உதிர்ந்த பிறகு மழை ஏமாற்றினால், பூ மழையிலிருந்து 15 முதல் 20 நாளுக்குள் இன்னொரு முறை செடிக்கு 40 லிட்டராவது கொடுங்கள். இல்லாவிட்டால் பிடித்த பிஞ்சு கொட்டும். இதற்குப் பின் ஆறேழு வாரம் பிஞ்சு குண்டூசித் தலை அளவிலேயே நிற்கும். வளரவில்லையே என்று உரத்தை அள்ளிப் போடவேண்டாம். அது அப்படித்தான் நிற்கும், மழைக்காலத்தில் பருக்கும்.