செம்மொழி: சொல்லின் பொருள், வேர், பயன்பாடு

செம்மை + மொழி = செம்மொழி. ‘மை’ ஈறு கெட்டு ‘செம்’ நின்று புணர்ந்த பண்புத்தொகை. அதே செம்மை, தமிழோடு சேர்ந்தால் செந்தமிழ். இயலோடு சேர்ந்தால் செவ்வியல். வேர் ஒன்றுதான் என்றாலும் மூன்றுக்கும் இன்று தனித்தனி வேலை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடுவதுதான் மேடைகளிலும் நாளிதழ்களிலும் அதிகம் நடக்கும் பிழை.

பழைய இலக்கணத்தில் செம்மொழிக்கு வேறொரு பொருள் இருந்தது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சிலேடையை இரண்டாகப் பிரிக்கிறது: செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை. ‘மாலை’ என்ற சொல் பிரியாமல் நின்றே பொழுதையும் பூமாலையையும் குறித்தால் அது செம்மொழிச் சிலேடை. ‘பலகை’ மரப்பலகையாகவும், ‘பல கை’ எனப் பிரிந்து வேறு பொருளாகவும் வந்தால் பிரிமொழி. ஆக, அங்கே செம்மொழி என்றால் பிரிக்காமல் முழுதாக நிற்கும் சொல். ஒரு மொழியின் தகுதிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

செந்தமிழ் இதைவிட நன்கு அறிமுகமான சொல். தொல்காப்பியம் ‘செந்தமிழ் நிலம்’ பற்றிப் பேசுகிறது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஒன்றும் பேச்சு வழக்கான கொடுந்தமிழுக்கு ஒன்றுமாக இலத்தீனில் இரண்டு இலக்கணங்கள் எழுதினார். செந்தமிழ் என்பது தமிழுக்குள்ளேயே உள்ள ஒரு வழக்கின் பெயர். பேச்சுத் தமிழுக்கு எதிர்நிலை. செம்மொழி அப்படியல்ல. ஒரு மொழியை மற்ற மொழிகளோடு நிறுத்திப் பார்க்கும் சொல் அது.

அந்தப் பொருள் வந்தது ‘கிளாசிக்கல்’ என்ற சொல்லுக்கு நிகர் தேடியபோது. அதன் மூலம் இலத்தீனின் ‘கிளாசிகுஸ்’. உரோமில் குடிமக்களைச் சொத்தின் அடிப்படையில் வகுப்புகளாகப் பிரித்தபோது முதல் வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோம எழுத்தாளர் கெல்லியுஸின் நூலில் அது எழுத்தாளருக்கு ஏறியது: முதல் வகுப்பு எழுத்தாளர், சொத்தில்லாத பாமரர் அல்லர் என்ற பொருளில். வரிக்கணக்கிலிருந்து இலக்கியத்துக்கு வந்த சொல் அது. தரவரிசை அதன் பிறப்பிலேயே இருக்கிறது. செம்மை என்ற நம் சொல்லில் நேர்மை, திருத்தம், சிவப்பு எல்லாம் உண்டு, வகுப்பு இல்லை. ‘முதல்தர மொழி’ என்று நேராகப் பெயர்க்காமல் செம்மொழி என்றது நல்ல தேர்வு.

இந்தப் பொருளில் இச்சொல்லை நிலைநிறுத்தியவர் பரிதிமாற்கலைஞர் (வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார், 1870–1903). அவர் சொன்னது ‘உயர்தனிச்செம்மொழி’. அதில் மூன்று தனித்தனி இலக்கணங்கள் உண்டு: பிற மொழிகளுக்குத் தலைமை தாங்கினால் உயர்மொழி, பிற மொழியின் துணையின்றி இயங்க வல்லதானால் தனிமொழி, பண்பும் நாகரிகமும் திருந்தி நின்றால் செம்மொழி. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்கும் யோசனை எழுந்த காலத்தில் எழுந்த வாதம் இது. அதாவது இந்தச் சொல்லின் நவீன வாழ்வு தொடங்கியதே ஒரு கல்வி நிறுவனத்தில் தமிழுக்கு இடம் உண்டா என்ற சண்டையில்தான். பின்னாளில் உயர்வும் தனிமையும் உதிர்ந்து செம்மொழி மட்டும் நின்றது.

அடுத்த நூறாண்டில் சொல் ஆய்வரங்கிலிருந்து அரசாணைக்குப் போனது. 2004இல் மத்தியில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அமைந்தபோது, தி.மு.க. பங்குபெற்ற அந்த அரசின் குறைந்தபட்சப் பொதுத்திட்டத்தில் தமிழைச் செம்மொழியாக்கும் வாக்குறுதி இடம்பெற்றது. 2004 அக்டோபர் 12 அன்று ‘செம்மொழி’ என்றொரு புதிய வகையை உருவாக்கி, அதில் தமிழைச் சேர்த்து அறிவிக்கை வந்தது. எந்த மொழிக்குத் தகுதி உண்டு என்று ஆராயும் மொழியியல் வல்லுநர் குழு சாகித்திய அகாதெமியின் கீழ் அமைந்தது அடுத்த மாதம்தான். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் முடிவு, பிறகு ஆராயும் குழு. தமிழுக்கு அந்தத் தகுதி இல்லை என்பதல்ல இதன் பொருள். தகுதி பல நூற்றாண்டுகளாக இருந்தது. அதை ஏற்கும் தருணத்தைத் தீர்மானித்தது கூட்டணிக் கணக்கு.

அளவுகோலும் நிலையாக நிற்கவில்லை. 2004இல் தொன்மைக்கு வரம்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். 2005 நவம்பரில், சமஸ்கிருதத்தைச் சேர்த்தபோது, அது 1500 முதல் 2000 ஆண்டுகள் என மாறியது. 2008இல் தெலுங்கும் கன்னடமும், 2013இல் மலையாளமும், 2014இல் ஒடியாவும் சேர்ந்தன. இலக்கிய மரபு பிற சமூகத்திடம் கடன் வாங்காத சொந்த மரபாக இருக்க வேண்டும் என்ற விதி 2024இல் நீக்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 3 அன்று மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமியம், வங்காளம் ஐந்தும் ஒன்றாகச் சேர, மொத்தம் 11 ஆயிற்று. மகாராட்டிர சட்டமன்றத் தேர்தல் அடுத்த மாதம். எனவே ஒரு மொழியைப் பற்றி ‘செம்மொழித் தகுதி பெற்றது’ என்று எழுதும்போது ஆண்டையும் சேர்த்து எழுதுவது நல்லது. எந்த அளவுகோலின்படி பெற்றது என்பது ஆண்டில்தான் இருக்கிறது.

நிறுவனங்களில் இந்தச் சொல் பட்ட பாடு தனி. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் முதலில் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் ஒரு உயராய்வு மையமாக இயங்கி, 2008இல் சென்னைக்கு வந்தது. பணம் மத்திய அரசுடையது, தலைவர் தமிழக முதலமைச்சர். இந்த அமைப்பிலேயே சிக்கல் பொதிந்திருக்கிறது. செம்மொழி என்ற சொல்லை ஒரு கட்சியின் சாதனையாகப் பார்க்கும் இன்னொரு கட்சி ஆட்சிக்கு வந்தால், நிறுவனத்தின் தலைவர் இருக்கையும் அந்தக் கட்சியிடமே போகும். கருணாநிதி தன் சொந்தப் பணம் ஒரு கோடி ரூபாயை வைத்து நிறுவிய 10 லட்ச ரூபாய்ச் செம்மொழித் தமிழ் விருது, 2009ஆம் ஆண்டுக்குப் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பார்ப்போலாவுக்கு வழங்கப்பட்டது. 2010 முதல் 2019 வரையான விருதுகள் ஒருசேர வழங்கப்பட்டது 2022 ஜனவரியில், தி.மு.க. மீண்டும் ஆட்சிக்கு வந்த பிறகு.

தலைமைச் செயலகம் ஓமந்தூரார் தோட்டத்துக்குப் போனபோது, காலியான புனித ஜார்ஜ் கோட்டையின் பழைய பேரவை மண்டபத்தில் இந்நிறுவனத்தின் நூலகம் அமைந்தது. 2011 மே மாதம் ஆட்சி மாறியதும் செயலகம் கோட்டைக்கே திரும்ப, நூல்கள் வெளியேற்றப்பட்டன. அதே ஆண்டு சமச்சீர்க் கல்விப் பாடநூல்களில் முந்தைய ஆட்சியை நினைவூட்டும் பகுதிகள் தாள் ஒட்டி மறைக்கப்பட்டன. ஒட்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காத மாணவன் இருந்திருக்க மாட்டான்.

மாநாட்டின் பெயரிலும் இதே கதை. உலகத் தமிழ் மாநாடுகளை நடத்துவது 1964இல் தனிநாயகம் அடிகள் முன்முயற்சியில் தில்லியில் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றம். ஒன்பதாம் மாநாட்டை 2010இல் நடத்தத் தமிழக அரசு விரும்பியபோது, ஆய்வுக் கட்டுரைகளுக்குக் காலம் போதாது என்று மன்றத் தலைவரான ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா உடன்படவில்லை. அரசு வேறு பெயரில் நடத்தியது: உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு, கோவை, 2010 ஜூன் 23–27. ஆகவே அதை ‘ஒன்பதாம் உலகத் தமிழ் மாநாடு’ என்று குறிப்பிடுவது தவறு. ஒன்பதாவது 2015இல் கோலாலம்பூரில் நடந்தது.

இனி எங்கே எதை எழுதுவது. ஒரு மொழியின் தகுதியைச் சொல்ல: செம்மொழி. ‘செம்மொழி அந்தஸ்து’ வேண்டாம், செம்மொழித் தகுதி போதும். இசை, நாட்டியம், இயற்பியல் கோட்பாடு போன்றவற்றுக்கு முன் அடையாக: செவ்வியல். ‘செம்மொழி இசை’ என்று எழுதினால் பொருளே இல்லை. எழுத்துநடைக்கு: செந்தமிழ்.

‘தமிழ்ச் செம்மொழி’, ‘செம்மொழித் தமிழ்’ இரண்டும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். முன்னது தமிழ் முழுவதையும் பற்றியது. பின்னது ஆய்வு நிறுவனம் வரையறுத்த ஒரு காலப்பகுதி: கி.பி. 6ஆம் நூற்றாண்டு வரை, 41 நூல்கள். தொல்காப்பியம், எட்டுத்தொகை எட்டு, பத்துப்பாட்டு பத்து, பதினெண்கீழ்க்கணக்கு பதினெட்டு, சிலப்பதிகாரம், மணிமேகலை, முத்தொள்ளாயிரம், இறையனார் களவியல். கம்பராமாயணம் இந்தப் பட்டியலில் இல்லை. கம்பனை ஆய்வதாகச் செம்மொழித் தமிழ் நிதிக்கு விண்ணப்பித்தால், கட்டுரை எவ்வளவு நன்றாயிருந்தாலும் பொருள் வரம்புக்கு வெளியே என்று திரும்பிவிடும். சிலம்பின் தாக்கம் கம்பனில் என்று தலைப்பை மாற்றினால் பேச இடமுண்டு.

கடைசியாக ஒரு குழப்பம். செம்மொழியும் ஆட்சிமொழியும் வேறு. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வழக்காடு மொழியாக வேண்டும் என்பதற்குச் செம்மொழித் தகுதியைச் சான்றாகக் காட்டுவது மேடைக்கு எடுபடும், சட்டத்துக்கு எடுபடாது. அதற்கான வழி அரசமைப்பின் 348(2): குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு ஆளுநர் அனுமதிப்பது. செம்மொழி அறிவிக்கையால் கிடைப்பவை ஆய்வு மையம், பன்னாட்டு விருதுகள், பல்கலைக்கழக இருக்கைகள் ஆகியவைதாம். பாலியும் பிராகிருதமும் இன்று செம்மொழிகள். இரண்டுமே எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் இல்லை.