சாய்ந்த வெளிச்சத்தில் தமிழ் எழுத்து: போஸ்டர் செய்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

வேலூரில் விழிப்புணர்வு போஸ்டர் கேட்டு வருபவர்கள் பலரும் சொல்வது இதுதான்: "நல்ல ஃபாண்ட் போட்டு, நாலு கலர் குடுத்து, நாளைக்கே ஃப்ளெக்ஸ் அடிச்சுக் குடுங்க சார்." நான் முதலில் கேட்பது, சொல்ல வரும் விஷயத்தைக் கையில் தொட முடியுமா என்று. முடியும் என்றால் தலைப்பை அந்தப் பொருளிலேயே செய்துவிடலாம். கடன் வாங்கிய படத்தைவிட அது அழுத்தமாகப் பேசும்.

தண்ணீரைப் பற்றிய போஸ்டரா? பாலாற்று மணலே போதும். ஈர மணலைத் தட்டிச் சமன் செய்து 'நீர்' என்று அகலமாகக் கீறுங்கள். நடுப்பகலில் எழுத்து கண்ணுக்கே பிடிபடாது. ஏப்ரல் கடைசியில் நம் ஊரில் சூரியன் உச்சிவேளையில் தலைக்கு நேர் மேலே வந்துவிடும், நிழல் எங்கிருந்து விழும்? மாலையில் பாருங்கள், பள்ளமெல்லாம் இருட்டு நிறைந்து எழுத்து எழுந்து நிற்கும். கணக்கு எளிது. வெளிச்சம் 45 டிகிரியில் சாய்ந்தால் நிழலின் நீளம் பொருளின் உயரத்துக்குச் சமம். 15 டிகிரிக்கு இறங்கினால் கிட்டத்தட்ட நாலு மடங்கு. வீட்டில் ஒரு டேபிள் லேம்ப்பைத் தாழ்த்தி வைத்தும் இதைச் செய்யலாம்.

விளக்கு எந்தப் பக்கம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வெளிச்சம் ஓடும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் இல்லை. நேர் இடப்பக்கம் விளக்கு வைத்தால் 'ட'வின் அடிக்கோடு கரைந்து வெறும் குச்சி நிற்கும், 'ப' இரண்டு தூண்களாகப் பிரியும். இடது மேல் மூலையிலிருந்து குறுக்காக அடியுங்கள், இரண்டு கோடுகளும் பிழைக்கும். கீழிருந்து அடித்தால் பள்ளம் மேடாகத் தெரிந்து கண்ணை ஏமாற்றும்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் துண்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. தோல் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிய போஸ்டருக்கு அதைவிட நல்ல எழுத்து ஏது? சொரசொரப்பான உட்பக்கம் வெளிச்சத்தைக் குடிக்கும். பளபளப்பான மேல்பக்கம் கூசும், அதற்கு விளக்குக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி டிரேசிங் பேப்பர் கட்டுங்கள். தீ விபத்து பற்றி என்றால் குடியாத்தம் தீக்குச்சிகள். மருந்து முனையே புள்ளியாக அமைந்துவிடும். வளைவுகள் எல்லாம் கோணங்களாக மாறும். அந்த முரட்டுத்தனம் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் பொருளால் செய்வது ஒன்றிரண்டு சொற்களோடு நிற்கட்டும். தேதி, இடம், போன் நம்பரெல்லாம் சாதாரண எழுத்துருவில் போதும். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து உயரம் என்ற பொதுக் கணக்கு தமிழுக்குப் போதாது என்பது என் கருத்து: தூரத்தில் 'ன', 'ண' சுழிகள் அடைத்துக்கொள்ளும். 'கி'யின் கொக்கிக்கும் மேல்வரி 'கு'வின் வாலுக்கும் மோதல் வராமல் வரி இடைவெளியையும் தாராளமாக விடுங்கள்.

மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. எழுத்து வெட்ட கடையில் சன்போர்டு என்று தரும் அட்டை பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக்; பல ரெக்சின்களும் ஃப்ளெக்ஸும் அதேதான். அவற்றை லேசரில் வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி நுரையீரலையும் மெஷினையும் அரிக்கும். குரோம் பதனிட்ட தோலைச் சுட்டால் நச்சான ஆறு இணைதிற குரோமியம் உருவாகலாம். இவற்றைக் கத்தியால்தான் வெட்ட வேண்டும். என்ன ஷீட் என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்லாவிட்டால் லேசர் மெஷினில் வைக்காதீர்கள்.