தட்டை உளி வட்டத் துளை போடுவது எப்படி?

குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்க ஊர் குவாரியில ஜாக்ஹேமர் ராடு முனையைப் பார்த்தேன். சாதாரண உளி மாதிரி ஒரே நேர்கோட்டு வாய்தான் இருக்கு. ஆனா பாறையில விழுற துளை வட்டமா இருக்கே, எப்படி?"

அருமையான கேள்வி. வேப்பனப்பள்ளி, பர்கூர், குப்பம் எனத் தமிழக-ஆந்திர எல்லையோரம் எங்கே போனாலும் கிரானைட் குவாரியும், கிணறு வெட்ட வரும் டிராக்டர் கம்ப்ரஸரும் கண்ணில் படும். சத்தத்தைக் கேட்டிருப்போம். ராடு முனையை யார் உற்றுப் பார்க்கிறோம்?

அடிக்கிற கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கம்ப்ரஸர் அனுப்பும் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 6 கிலோ. ஜாக்ஹேமருக்குள் ஒரு வால்வு அந்தக் காற்றைப் பிஸ்டனுக்கு மேலும் கீழும் மாற்றி மாற்றி விடுகிறது. பிஸ்டனின் விட்டம் 65 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 33 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் விழும் தள்ளுவிசை 200 கிலோ எடைக்குச் சமம். பிஸ்டன் ராடோடு இணைக்கப்பட்டதல்ல. சும்மா ஓடி வந்து ராடின் தலையில் மோதுகிறது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 2000 தடவை.

இப்போது திருப்பத்துக்கு வருவோம். உளியை ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் அது பாறையில் ஆப்பு மாதிரி இறுகிவிடும். கையால் துளை போட்ட காலத்தில் ஒருவர் சம்மட்டி போட, இன்னொருவர் உளியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கொஞ்சம் திருப்பி வைப்பார். ஜாக்ஹேமருக்குள் அந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

பிஸ்டனின் மேல்பகுதி குழிவானது. அந்தக் குழிக்குள் ரைஃபிள் பார் என்ற தண்டு நுழைந்திருக்கிறது. அதன் உடலில் திருகாணிபோல், ஆனால் மிக நீண்ட சரிவில் ஓடும் பள்ளங்கள். அதன் தலையில் ஒரு ராட்செட்: சைக்கிள் ஃப்ரீவீல் போல ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். பிஸ்டன் கீழே பாயும்போது ராட்செட் வழுக்குவதால் ரைஃபிள் பார் சுற்றி வழிவிடுகிறது. பிஸ்டன் நேராக இறங்கி முழு வேகத்தோடு அடிக்கிறது. திரும்ப மேலே ஏறும்போது ராட்செட் பிடித்துக்கொள்ளும். ரைஃபிள் பார் அசையாது. வேறு வழியில்லாமல் பிஸ்டனே பள்ளங்களின் வழியே சுழன்றபடி ஏறுகிறது. பிஸ்டனின் கீழ்முனையில் நேரான பற்கள்; அவை 'சக்' என்ற, ராடைப் பிடித்திருக்கும் பாகத்தைத் திருப்ப, அது ராடைத் திருப்புகிறது. அடுத்த அடி விழுவதற்குள் உளி வாய் கொஞ்சம் நகர்ந்துவிடும். ஒரே கோடு, மையத்தைச் சுற்றிக் கோணம் கோணமாக விழுந்தால் கிடைப்பது வட்டம்தானே!

இதில் என்னைச் சொக்க வைப்பது அந்தச் சிக்கனம். திருப்புகிற வேலை எப்படியும் நடக்க வேண்டிய திரும்பும் பயணத்தில் முடிந்துவிடுவதால், அடியின் வலு பெரிதாகக் குறைவதில்லை. மோட்டார் கிடையாது, கியர்பெட்டி கிடையாது.

பொடியானதை வெளியேற்றவும் வழி இருக்கிறது. ராடின் நடுவே ஓடும் துவாரம் வழியே காற்று போய்த் துளையின் அடியிலிருந்து தூசியை ஊதித் தள்ளுகிறது. ஆபத்து அங்கேதான். கிரானைட் தூசியில் சிலிக்கா உண்டு. வருஷக்கணக்கில் அதை மூச்சில் இழுத்தால் நுரையீரல் தழும்பேறி சிலிகோசிஸ் வரும். குப்பத்துக்குப் பக்கத்திலேயே உள்ள கோலார் தங்க வயல் தொழிலாளர்களிடம் 1940களிலேயே இது ஆய்வில் பதிவானது. 1890களில் அமெரிக்காவின் டென்வர் நகரத்து ஜான் ஜார்ஜ் லெய்னர் துவாரமுள்ள ராடோடு கொண்டுவந்த இயந்திரமும் முதலில் காற்றை மட்டும்தான் ஊதியது. தூசி தாங்காமல் தொழிலாளர்கள் மறுத்தார்கள். பிறகுதான் அவர் தண்ணீரையும் சேர்த்தார். இங்கேயோ கிணற்றுக்கு நீரோட்டம் பார்க்கத் தேங்காயைக் கையில் ஏந்தி நடப்பவருக்குத் தாராளமாகப் பணம் தருகிறோம். அந்தத் தேங்காய்க்கு நிலத்தடி நீர் பற்றி எதுவும் தெரியாது. ஜாக்ஹேமர் பிடிப்பவருக்கோ ஒரு துண்டுதான் முகமூடி. மிக நுண்ணிய சிலிக்காத் தூள் அதில் நிற்காது. தண்ணீர் விட்டுத் துளைக்கும் மலிவான கருவியைச் சிறு குவாரிகளுக்காக உருவாக்க அரசு ஆய்வுப் பணம் ஒதுக்கினால் நன்றாகச் செலவான பணம் என்பேன்.

அப்புறம், சிமெண்ட் ரோட்டைப் பெயர்க்க வரும் பிரேக்கரையும் நாம் ஜாக்ஹேமர் என்றே சொல்கிறோம். அதில் ரைஃபிள் பாரைத் தேடாதீர்கள். அங்கே துளை தேவையில்லை, உடைந்தால் போதும். குவாரியிலோ வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஆப்பு வைத்து இறுக்கினால், அந்தக் கோட்டிலேயே கல் பிளந்து வரும்.