போர்ட் என்பது துறைமுகம் அன்று

"துறைமுக முன்னனுப்பலை இயலச்செய்க." சிசிரிவி கமராப் பெட்டிக்குள் வந்த தமிழ்க் கைந்நூல் ஒன்றின் கட்டளை இது. ரவுட்டர் திரைகளிலும் கைப்பேசிச் செயலிகளிலும் இதே தொடரைக் கண்டு கண்டு சலித்துவிட்டது. கொழும்பில் இருப்பவருக்குத் துறைமுகம் என்றால் கோட்டைப் பக்கம் வானத்தை மறித்து நிற்கும் பாரந்தூக்கிகள்தாம். வெள்ளவத்தையில் வீட்டுக் கமராவை அலுவலகத்திலிருந்து பார்க்க நினைத்தவர் இந்த வரியைப் படித்துத் திகைத்து, கடைக்காரரை அழைத்து "போர்ட் போர்வேர்டிங் எப்படி?" என்று கேட்டுத்தான் தெளிய வேண்டியிருக்கிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரு வேறு சொற்கள் உள்ளன. துறைமுகத்தைக் குறிப்பது இலத்தீனின் 'போர்ட்டுஸ்' வழி வந்தது. திறப்பைக் குறிப்பது வாயில் என்று பொருள்படும் 'போர்ட்டா' வழி வந்தது. கப்பலின் பக்கச் சுவரில் பீரங்கி நீட்ட விட்ட திறப்புக்கும் அதே பெயர்தான். கணினிக்காரரின் போர்ட் இந்த இரண்டாவது குடும்பத்துப் பிள்ளை.

வேலையும் அதைத்தான் காட்டுகிறது. வீட்டில் எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்குப் பொதுவாக ஒரே இணைய முகவரிதான் தெரியும். உள்ளே கமராவுக்கும் மடிக்கணினிக்கும் 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகள். வெளியிலிருந்து வரும் தரவுப் பொதி பொதுவாக 0 முதல் 65535 வரையான ஓர் இலக்கத்தைத் தாங்கி வரும். அந்த இலக்கந்தான் போர்ட். பாதுகாப்பான இணையத்தளத்துக்கு 443, கமராவின் நேரடிக் காட்சிக்குப் பெரும்பாலும் 554. உள்ளேயிருந்து கேட்டதற்கு வந்த மறுமொழி என்றால் அது யாருக்கு உரியது என்று ரவுட்டர் அறியும். கேளாமல் வந்தது யாருக்கென்று தெரியாது, தட்டிக்கழித்துவிடும். "554 என்று வருவதை 192.168.1.20இல் உள்ள கமராவிடம் கொடு" என்று நாம் எழுதிவைக்கும் விதிதான் போர்ட் போர்வேர்டிங். தொடர்மாடி வாசலில் இருக்கும் காவலாளியிடம், இன்ன பெயருக்குப் பொதி வந்தால் இன்ன வீட்டில் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

துறைமுகம் பிழை என்று ஒப்புக்கொள்பவர்களும் அடுத்த நொடியே "அப்படியானால் துறை" என்று வருகிறார்கள். சுருக்கமானது, பழைய சொல், நீரில் இறங்கும் இடம், ஆகவே நுழைவிடம் என்பது அவர்கள் வாதம். தூய தமிழ் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லின் தோளில் ஏற்கெனவே எவ்வளவு சுமை! பருத்தித்துறையும் காங்கேசன்துறையும் ஊர்கள். கல்வித் துறை, சுகாதாரத் துறை என்று செய்தித்தாள் தினமும் எழுதுகிறது. தமிழ்நாட்டில் நம் திணைக்களத்துக்கே துறை என்றுதான் பெயர். "துறை மூடப்பட்டுள்ளது" என்று திரையில் வந்தால் வேலைநிறுத்தம் என்றுதான் முதலில் தோன்றும். இன்னும் இருக்கிறது: 49152 முதல் 65535 வரையான இலக்கங்களுக்கு ஆங்கிலத்தில் தனிப்பட்ட போர்ட்டுகள் என்றும் ஒரு பெயர் உண்டு. இவர்கள் வழியில் அதை மொழிபெயர்த்தால் 'தனியார் துறை'! வங்கியும் ஆடைத் தொழிற்சாலையும் ரவுட்டருக்குள் வந்து குந்திவிடும். சொல் தமிழாக இருந்தால் மட்டும் போதாது. அந்த இடத்தில் அது வேறொன்றைச் சொல்லாதிருக்கவும் வேண்டும்.

'முன்னனுப்பல்' இதைவிட மோசம். முன்பதிவு, முன்பணம், முன்னறிவித்தல் என்று பழகிய காதுக்கு அது 'நேரத்தோடு அனுப்பிவைத்தல்' என்றே கேட்கும். ஆங்கிலத்தின் 'போர்வேர்ட்' என்றதும் 'முன்' என்று கை தானாக எழுதிவிடுகிறது. இங்கே முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வாசலில் வாங்கி உள்ளே கொடுப்பது, அவ்வளவுதான்.

அதனால் நான் 'வாயில் கையளிப்பு' என்கிறேன். இல்லத்தின் வாய், 'இல்வாய்' என்பது முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று என்று இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படித்திருப்போம். வீட்டு ரவுட்டருக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எது? கையளித்தல் இங்கே நாள்தோறும் புழங்கும் சொல். ஆவணத்தையும் கையளிக்கிறோம், மனுவையும் கையளிக்கிறோம். "வாயில் 554ஐக் கமராவுக்குக் கையளி" என்றால் விளக்கம் கேட்க ஆள் தேட வேண்டாம். நுழைவாயில் என்பதை, வீட்டு வலையமைப்பு வெளியுலகோடு சேரும் இடமான 'கேட்வே'க்குக் கொடுத்துவிட்டார்களே என்பார்கள். கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும். இலக்கத்தோடு வருவது வாயில், இலக்கமில்லாதது நுழைவாயில். அதுவும் குழப்பம் என்றால் கேட்வேயைப் படலை என்று அழைக்கலாம். யாழ்ப்பாணத்தார் மகிழ்வார்கள்.

மொழிபெயர்ப்பாளர் ஒருமுறையாவது ரவுட்டரில் இந்த விதியை எழுதும் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருந்திராது. சில ரவுட்டர்களில் இதே வேலைக்கு 'வேர்ச்சுவல் சேர்வர்' என்று பெயர். தனிச் சொல்லாக எடுத்து 'மெய்நிகர் சேவையகம்' என்று எழுதிவிட்டால், இரண்டும் ஒன்றென்று யாருக்குத் தெரியும்? அகராதியில் சொல் கிடைத்துவிடும், அது செய்யும் வேலை கிடைக்காது.

அமைக்கப் போகிறவர்களுக்கு இரண்டு செய்திகள். கமராவின் உள்முகவரி மாறிவிட்டால் கையளிப்பு வேறு கருவிக்குப் போகும். அந்த முகவரியை ரவுட்டரிலேயே நிரந்தரமாக ஒதுக்கிவையுங்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால், உங்களுக்கென்று தனிப் பொதுமுகவரி இல்லை, பலரோடு பகிர்ந்துகொள்கிறீர்கள் என்று பொருள். அப்போது வாயில் என்றாலும் துறை என்றாலும் எதுவும் உள்ளே வராது. இணைய இணைப்பு தருபவரிடம் பொதுமுகவரி கேட்டு வாங்க வேண்டும்.