ஆப் காட்டும் பச்சை நாட்களை மட்டும் நம்பாதீர்கள்

"கருத்தடை மாத்திரை ஒத்துக்கல டாக்டர், கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற காப்பர் டி போட பயமா இருக்கு. நாள் கணக்கு பார்த்துக்கிறோம்." மகப்பேறு மருத்துவராக இதை அடிக்கடி கேட்கிறேன். எப்படிக் கணக்குப் பார்க்கிறீர்கள் என்றால், பலரும் மொபைலில் மாதவிலக்கு நாட்களைக் கணக்கிடும் ஆப்பைத்தான் நீட்டுகிறார்கள். அதில் அன்றைய தேதியில் பச்சை வட்டம் இருந்தால் கரு தங்கும் பயமில்லையாம்.

மாதவிலக்கு வந்த தேதியை மட்டும் கொடுத்தால், பழைய மாதங்களின் சராசரியை வைத்துத்தான் ஆப் ஊகிக்கும். இந்த மாதம் கருமுட்டை எப்போது வெளிவரும் என்று அதற்குத் தெரியாது. ஒரு காய்ச்சலோ மன உளைச்சலோ போதும், நாள் தள்ளிப்போய்விடும்.

14ஆம் நாள் முட்டை வெளிவரும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு அது வெளிவருகிறது. 35 நாள் சுழற்சி என்றால் 21ஆம் நாள் வாக்கில். 24 நாள் என்றால் 10ஆம் நாளிலேயே. முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். ஆனால் விந்தணு 5 நாள் வரை உயிரோடு இருக்கும். அதனால் சுழற்சி குறுகிய பெண்களுக்கு, ரத்தப்போக்கு நின்ற மறுநாள் சேர்ந்தாலும் கரு தங்கலாம். 'தலைக்குக் குளித்த கையோடு ஒன்றும் ஆகாது' என்பதை நம்பி வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

உடம்பே காட்டும் அடையாளங்கள் இதைவிட நம்பகமானவை. வெள்ளைப்படுதல் என்றாலே நோய் என்று நம் பெண்கள் பயப்படுகிறார்கள். ஆனால் அது மாதத்துக்குள் மாறுவது இயல்புதான். மாதவிலக்கு முடிந்ததும் சில நாள் வறண்டிருக்கும், பிறகு பிசுபிசுப்பாகும். முட்டை வெளிவரும் சமயத்தில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, வழுவழுப்பாக, இரு விரலுக்கு நடுவே இழுத்தால் அறுந்துபோகாமல் நீளும். கரு தங்க மிகவும் வாய்ப்புள்ள நாட்கள் அவைதான். நாற்றமோ அரிப்போ இருந்தால் அது தொற்றாக இருக்கலாம். சிகிச்சை வேண்டும், அதுவரை இந்த அடையாளத்தை நம்ப முடியாது.

காலையில் படுக்கையை விட்டு எழும் முன் வெப்பநிலை பார்ப்பது இன்னொரு வழி. முட்டை வெளிவந்த பிறகு 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடி, அப்படியே நிற்கும். மூன்று நாள் தொடர்ந்து கூடியிருந்தால் அந்த மாத ஆபத்து தாண்டியது எனலாம். வரப்போவதை இது முன்கூட்டிச் சொல்லாது. இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும், கைக்குழந்தையோடு தூக்கம் கெடுபவர்களுக்கும் சரிப்படாது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன், கணவரையும் கூட்டிவரச் சொல்கிறேன். வெளியூர் வேலையிலிருந்து மாதம் இரண்டு நாள் வருபவர், அந்த இரண்டு நாளும் ஆபத்தான நாளாக இருந்தால் என்ன செய்வார்? ஆணுறைக்கு அவர் சம்மதிக்க மாட்டார் என்றால் இந்த முறையே வேண்டாம். கடைப்பிடிக்கும் விதத்தைப் பொறுத்து, ஒரு வருடத்தில் 100 பெண்களில் 2 முதல் 23 பேர் வரை கருத்தரிக்கிறார்கள். காப்பர் டியில் அது ஒருவருக்கும் குறைவு.

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி, மாதவிலக்கு ஒழுங்காக வராத நிலை) உள்ளவர்கள், சமீபத்தில் பிரசவித்தவர்கள், மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்குபவர்கள், கருத்தரித்தால் உயிருக்கு ஆபத்து என்று எச்சரிக்கப்பட்டவர்கள் இதை மட்டும் நம்பக்கூடாது. பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதவிலக்கு வருமுன்பே முட்டை வெளிவந்துவிடலாம்.

கணக்கு தவறிவிட்டால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அவசர கருத்தடை மாத்திரை போடுங்கள். நாள் தள்ளினால் உடனே சோதித்துப் பாருங்கள். கருத்தடை முறை தோற்றுக் கரு தங்கினால், 20 வாரம் வரை கலைக்க இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது; 2021 திருத்தத்துக்குப் பிறகு திருமணமாகாத பெண்களுக்கும் இது பொருந்தும். சிலர் கடையில் தாங்களாகவே கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் வருகிறார்கள். தயவுசெய்து அதற்கு முன்பே வாருங்கள்.